பெண்ணைப் பார்க்காமல் பெண் பார்த்து வந்த கதை

அரைக்கிணறு என்ற ஊருக்கு அந்தப் பெயர் வந்ததில் எந்தத் தப்பும் இல்லை. முப்பதடி தோண்டினால் தண்ணீர் உண்டு என்று யாரோ சொல்ல, ஊர்க்காரர்கள் மேற்கே பதினைந்தடியும் கிழக்கே பதினைந்தடியும் தோண்டி இரண்டையும் கூட்டினார்கள். முப்பது சரியாக வந்தது. தண்ணீர் வரவில்லை. நாம் செய்ததில் குறையில்லை, தண்ணீருக்குத்தான் கூட்டல் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, மண்வெட்டிகளைக் கழுவ அடுத்த ஊருக்குப் போனார்கள்.

அந்த ஊரில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கியவன் தங்கப்பழம். வயது இருபத்தொன்பது. தாலுகா ஊரில் ஒரு நகலகத்தில் வேலை. எந்தக் காகிதம் வந்தாலும் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படித்துவிட்டுத்தான் நகல் எடுப்பான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவான். ஊர்தான் அதை நம்பாது. "படிச்ச பய, அடக்கமாப் பேசுதான்" என்று சொல்லிவிடும்.

தாய் தகப்பன் இல்லாத அவனுக்குத் தாய்மாமன் ஆவுடையப்பனும், சமையல்காரரான சித்தப்பா சொரிமுத்துவும்தான் எல்லாம். சைக்கிள் கடை பேச்சிமுத்து கூட்டாளி. மூன்று பேரும் அவனுக்காக உயிரையே கொடுப்பார்கள். இதுவரை எட்டு இடத்தில் பெண் பார்த்து, எட்டும் தட்டிப்போனதற்கு அதுதான் காரணம். எட்டாவது வீட்டில் பெண்ணின் அப்பா வாசலுக்கு வந்து, "வாங்க, வாங்க. உங்க வீடு மாதிரி நெனைச்சுக்கோங்க" என்றார். ஆவுடையப்பன் அப்படியே நினைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் வழியாக அவரைப் பார்த்து, "நீங்க யாரு? என்ன விசயமா வந்திருக்கிய?" என்று கேட்டார்.

ஒன்பதாவது இடம் வந்தது. தரகர் ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே பெண்ணின் போட்டோ. பெயர் கோமதி. ஆற்றங்கரை டவுனில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை.

"பொண்ணு குவாண்டம் படிச்சிருக்கு," என்றார் தரகர். "போய் உக்காந்தா அதைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசத் தெரியணும்லா? வார வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்கப் போகணும். இந்த எடமும் தட்டிப்போச்சுன்னா இனிமே என்னைத் தேடாதிய." சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை தனக்கு வயிற்றுவலி இருக்கும் என்பதையும் இப்போதே தெரிவித்துவிட்டுப் போனார்.

மூன்று பேரும் யோசனையில் உட்கார்ந்தார்கள்.

"சாதகத்துல நீர்க்கண்டம், தீக்கண்டம் எல்லாம் கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் சொரிமுத்து. "இது என்னவே, குவாக்கண்டம்?"

"குவா குவான்னு கத்துதது தவளையா இருக்கும்," என்றான் பேச்சிமுத்து. "தவளையால உயிருக்கு ஆபத்து."

"அப்போ மழைக்காலத்துல பொண்ணை வெளிய விடாம இருந்தாச் சரியாப் போச்சு," என்று ஆவுடையப்பன் தீர்ப்புச் சொன்னார்.

தங்கப்பழம் இவர்களை நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை தாலுகா நூலகத்தில் குவாண்டம் பற்றி ஒரு கூட்டம் நடப்பதாகத் தான் நகலெடுத்த நோட்டீசிலேயே படித்திருந்தான். நாற்பது பக்க நோட்டோடு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தான். பேசிய அம்மையார் பொறுமையாகத்தான் சொன்னார். ஆனால் ஒவ்வொரு முறையும், "இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால்..." என்று அவர் தொடங்கும்போதெல்லாம் ஒலிபெருக்கி வீறிட்டது, அல்லது டீ வந்தது. கடைசியில் நோட்டில் மூன்று வாக்கியங்கள் மிஞ்சின.

முதலாவது, மிகச் சிறிய துகள் ஒன்றைப் பார்க்காத வரைக்கும் அது இப்படியும் அப்படியும் கலந்த நிலையில் இருக்கும், பார்த்ததும் ஏதாவது ஒன்றாகிவிடும். அடுத்தது, பின்னிப்போன ஒரு ஜோடியை எவ்வளவு தூரம் பிரித்தாலும், செருப்பு ஜோடியில் ஒன்றைக் கண்டால் மற்றது எந்தக் கால் என்று தெரிவதுபோல, ஒன்றை வைத்து மற்றதைச் சொல்லிவிடலாம். கடைசியாக, குவாண்டம் கணினியை உறைகுளிரில் வைத்திருக்க வேண்டும், சூடு பட்டால் கணக்குக் கலைந்துவிடும்.

ஊருக்கு வந்து வாசித்துக்காட்டினான். ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாக்காம இருந்தா ரெண்டா இருக்கும், பாத்தா ஒண்ணாப் போயிரும். எவ்வளவு பெரிய நஷ்டம்லே இது! இத்தனை வருசமா ஒவ்வொண்ணையும் பாத்துப் பாத்தே பாதியைத் தொலைச்சிருக்கோம்."

"மாமா, அது ரொம்பச் சின்னதுக்குத்தான்."

"நம்ம ஊரும் ரொம்பச் சின்னதுதாம்லே."

மறுநாள் முதல் அரைக்கிணற்றில் யாரும் எதையும் பார்க்கக் கூடாது என்று முடிவானது.

பேச்சிமுத்து காற்றுப் பார்க்காமல் காற்றடித்ததில் பதினோரு டயர் வெடித்தது. ஒரு காதுகுத்து வீட்டில் சொரிமுத்து உப்புப் பார்க்காமல் சொதிக்குழம்பு வைத்தார். விருந்தாளிகள் இன்னமும் தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஊரிடம் போய்த் தண்ணீர் கேட்டால் எங்கே போகும்? வேலை பார்க்கக் கூடாது என்ற பகுதியை மட்டும் ஊர் ஒரே மனதாக ஏற்றுக்கொண்டது. கண்மாய் வெட்டப் போனவர்கள் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். மேற்பார்வையாளர் வந்தார். பதவிக்கேற்ப மேலேயே பார்த்துவிட்டுப் போனார்.

தங்கப்பழம் இதையெல்லாம் மறுத்திருக்கலாம். ஆனால் அவனிடம் அந்தப் பழுப்பு உறை இருந்தது. இதற்கு முன் எட்டுப் போட்டோ பார்த்திருந்தான். எட்டும் 'இல்லை' என்று முடிந்திருந்தது. இந்த உறையைப் பிரிக்காத வரையிலாவது, உள்ளே இருக்கிற பெண் சரி என்று சொல்லுகிறவளாகவும் இருக்கலாம் அல்லவா? அவன் உறையை எடுத்தான், தடவினான், பிரிக்காமலே டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான்.

வெள்ளிக்கிழமை வந்தது. மாப்பிள்ளையின் தலை உள்ளே கணக்கு ஓடுகிற தலை, அதில் சூடு படக்கூடாது என்று ஆவுடையப்பன் மீன்கடையில் ஐஸ் வாங்கி, துண்டில் சுற்றி, தங்கப்பழத்தின் தலையில் தலைப்பாகையாகக் கட்டிவிட்டார். பெரியவர்கள் இருவரும் இடது செருப்பை வீட்டில் வைத்துவிட்டு வலதை மட்டும் போட்டுக்கொண்டார்கள். வழி தப்பினால் வலது, இடதைக் கேட்டுக்கொண்டு வீடு சேர்த்துவிடும். பேச்சிமுத்துவிடம் இருந்த இரண்டுமே இடது. எப்போதோ ஒரு கல்யாண வீட்டில் மாறிப்போனவை. தன் வலதுகள் யார் காலோடு பின்னிக்கிடக்கின்றனவோ என்று அவன் வேனில் வழியெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டு வந்தான்.

பெண் வீட்டு வாசலில் இறங்கியதும் நால்வரும் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டார்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு உள்ளே போய், கைக்குத் தட்டுப்பட்ட பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

பெண்ணின் அப்பா ராமசுப்பு அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றார். "என்ன அண்ணாச்சி, எல்லாரும் செவுத்தைப் பாத்து உக்காந்திருக்கிய?"

"நாங்க எங்க பாத்தோம்? கண்ணைல்லா கட்டியிருக்கோம்," என்றார் ஆவுடையப்பன்.

"பொண்ணு பாக்கத்தானே வந்திருக்கிய?"

"ஆமா. அதுக்காகப் பொண்ணைப் பாத்துற முடியுமா?"

கொலுசுச் சத்தம் வந்தது. காப்பி மணம் வந்தது. தங்கப்பழத்தின் காதோரமாக ஐஸ் தண்ணீர் சொட்டி, சட்டைக்குள் ஓடி, மீன் வாசத்தோடு பெஞ்சில் தேங்கியது. எங்கிருந்தோ ஒரு பூனை வந்து அவன் மடியில் ஏறி உட்கார்ந்தது.

"தலையில என்னங்க?" என்று ஒரு குரல் கேட்டது. கோமதிதான்.

"ஐஸ்ங்க. உள்ள கணக்குக் கலையாம இருக்கணும்னு மாமா கட்டினாங்க. உள்ள கணக்கு ஒண்ணும் ஓடலை. பயந்தான் ஓடுது."

அவள் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "குவாண்டம் பத்தித் தெரிஞ்சுக்கிட்டிங்களாமே. புரிஞ்சுதா?"

ஆவுடையப்பன் அவன் விலாவில் இடித்தார். ஆமாம் என்று சொல் என்பது அதற்கு அர்த்தம். தங்கப்பழம் விலாவை நகர்த்திக்கொண்டான்.

"இல்லைங்க. மூணு வரி எழுதினேன். மூணையும் தப்பா எழுதியிருப்பேன்னு தோணுது."

"அது சரி. எனக்கும் அதுல கணக்குப் போடத் தெரியும், விடையும் சரியா வரும். ஏன் அப்படின்னு யாராவது கேட்டாத்தான் முழிப்பேன்," என்றாள் கோமதி. "ஆனா ஒண்ணு. பார்க்கிறதுன்னா அதுல கண்ணால பார்க்கிறது இல்லை. அளக்கிறது. ஆளே வேண்டாம். சும்மா காத்து வந்து மோதினாக்கூடக் கலைஞ்சு போயிரும்."

"காத்தா?" ஆவுடையப்பன் துள்ளி எழுந்தார். "ஏலே பேச்சி, மொதல்ல காத்தாடியை அமத்துலே!"

பேச்சிமுத்து சுவரைத் தடவிக்கொண்டு போய் மூன்று சுவிட்சைத் தட்டினான். விளக்கு அணைந்தது. கிணற்று மோட்டார் ஓடத் தொடங்கியது. மூன்றாவதற்கு அழைப்புமணி அடித்தது. ராமசுப்பு யாரோ வந்திருக்கிறார்கள் என்று கதவைத் திறக்கப் போனார். மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அளக்கவும் கூடாதுன்னா, இனிமே நான் எப்படிக் கதை அளக்கது?" என்று பேச்சிமுத்து இருட்டில் நின்று வருத்தப்பட்டான்.

இந்தச் சந்தடியில் கோமதி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "அவங்க இருக்கட்டும். உங்களுக்கும் என்னைப் பார்க்க வேண்டாமா?"

"பாக்கணும்ங்க," என்றான் தங்கப்பழம். "எட்டுப் பேரைப் பாத்தேன். எட்டும் இல்லைன்னு ஆயிருச்சு. பாக்காத வரைக்கும் சரின்னும் இருக்கும்லா? அது இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமேன்னுதான்."

அதற்கு முதலில் பூனைதான் ஏதோ சொன்னது. பிறகு, "நான் போயி லெட்டர் போடுதேன்," என்றாள். ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்பது மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டுக் கிளம்புகிற வாசகம். அதை அவள் எடுத்துக்கொண்டதும், வேறு சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் நால்வரும் கிளம்பிவிட்டார்கள்.

ஆறாம் நாள் கடிதம் வந்தது. உறையின் மேல், "கண்டதும் பதில் எழுதவும்" என்று எழுதியிருந்தது.

"நாம இன்னும் காணலியே," என்றார் ஆவுடையப்பன். "அதனால பதில் எழுதாண்டாம்." கடிதத்தைக் குப்புறக் கவிழ்த்து, மேலே ஒரு ஆட்டுரலைத் தூக்கி வைத்தார்.

நாலு நாள் ஆயிற்று. தங்கப்பழத்துக்குச் சோறு இறங்கவில்லை. நகலகத்தில் வெள்ளைத் தாளையே திருப்பித் திருப்பி நகலெடுத்தான். ஐந்தாம் நாள் மாமாவிடம் வந்து நின்றான்.

"மாமா, என்னால தாங்க முடியலை. நான் பாக்கலை. யாராவது ஒருத்தர் பாத்து வெச்சுக்கோங்க. எனக்குச் சொல்லக்கூட வேண்டாம். ஊர்ல ஒருத்தருக்காவது தெரியும்னு இருந்தா எனக்குச் சோறு எறங்கும்."

இது நியாயமாகப் பட்டது. சொரிமுத்துவைத் தேர்ந்தெடுத்தார்கள். தன் குழம்பில் என்ன போடுகிறார் என்று இதுநாள் வரை யாரிடமும் சொல்லாதவர். அவருக்கே தெரியாது என்பது வேறு விஷயம். கடிதத்தை அவர் கையில் கொடுத்து, கோயில் பாத்திர அறைக்குள் அனுப்பினார்கள். சாவித் துவாரத்தின் வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "படிச்சிட்டேன்" என்று குரல் வந்தது.

உடனே ஆவுடையப்பன் கதவை வெளியே பூட்டினார்.

"மச்சான், ஏன்வே பூட்டுதீரு?" என்றார் உள்ளேயிருந்து சொரிமுத்து.

"நல்லாக் கேட்டுக்கிடும். நாங்க இன்னும் எதையும் பாக்கலை. அதனால லெட்டர்ல ரெண்டு பதிலும் இருக்கு. அப்போ சரியைப் படிச்ச சொரிமுத்து ஒருத்தர், இல்லையைப் படிச்ச சொரிமுத்து இன்னொருத்தர். கதவைத் தொறந்தா ஒரு ஆளுதான் மிஞ்சும். தெரியுதா?"

உள்ளே ஒரு குண்டா உருளும் சத்தம் கேட்டது.

"மச்சான்," என்று ஆவுடையப்பன் பதற்றத்தோடு கதவில் வாயை வைத்தார். "உள்ள எத்தனை பேரு இருக்கிய?"

"தெரியலை மச்சான். இருட்டா இருக்கு."

"தடவிப் பாருமேன்."

"தடவிப் பாக்கக் கூடாதுல்லா?"

"அதுவும் சரிதான்," என்று ஆவுடையப்பன் பூட்டை இழுத்துச் சரிபார்க்காமல் நகர்ந்தார்.

மூன்று நாள் அப்படியே போயிற்று. தங்கப்பழம் கதவடியில் உட்கார்ந்து, "சித்தப்பா, உங்க குரல்ல சந்தோசம் தெரியுதா, வருத்தம் தெரியுதா?" என்று கேட்டான். "எனக்குப் பசிதான் தெரியுது" என்று பதில் வந்தது. அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியவில்லை.

நாலாம் நாள் ஒரு ஷேர் ஆட்டோவில் கோமதியும் ராமசுப்புவும் வந்து இறங்கினார்கள். ஊரே பாத்திர அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

"லெட்டர் கெடைச்சுதா?" என்று கேட்டாள் கோமதி.

"கெடைச்சுதுங்க," என்றான் தங்கப்பழம், தரையைப் பார்த்துக்கொண்டு.

"படிச்சிங்களா?"

"சித்தப்பா படிச்சாங்க."

"அவங்க எங்க?"

"பூட்டி வெச்சிருக்கோம்."

ராமசுப்பு திரும்பி ஆட்டோவில் ஏறிக்கொண்டார். கோமதி ஏறவில்லை.

"சரின்னுதாங்க எழுதியிருந்தேன்," என்றாள். "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுத ஆளை எங்க கல்லூரியிலேயே நான் ரெண்டு பேரைத்தான் கண்டிருக்கேன். ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிருச்சு."

தங்கப்பழம் தலையை நிமிர்த்தி முதல்முறையாக அவளைப் பார்த்தான். ஒன்றும் கலையவில்லை. அவள் ஒருத்தியாகவே நின்றாள். அவனுக்கு ஒருத்தியே போதுமாக இருந்தது.

பேச்சிமுத்து ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். ஒரு சொரிமுத்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஊர் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. அண்டா குண்டாவைத் தவிர யாரும் இல்லை.

"ஐயோ மச்சான்!" என்று ஆவுடையப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "இல்லைன்னு படிச்ச சொரிமுத்து போயிட்டாரே!"

எல்லாரையும்விடச் சத்தமாக அழுதவர் சொரிமுத்துதான். "என் சாடையிலேயே இருப்பானே!" என்று புரண்டார். அவரைத் தூக்கி உட்கார்த்தி, இறந்தவருக்கு நெருங்கிய சொந்தம் என்பதால் முதலில் அவருக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள்.

ஆவுடையப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு தங்கப்பழத்திடம் வந்தார். "மருமவனே, வீட்டுல துட்டி விழுந்திருக்கு. இனி ஒரு வருசத்துக்கு நல்ல காரியம் கெடையாது."

"ஒரு வருசமா?" ஆட்டோவுக்குள்ளிருந்து ராமசுப்பு கத்தினார். "ஏய் கோமதி, ஏறு! ஆவணிக்குள்ள வேற எடம் முடிச்சிருவேன்!"

 ஒன்பது இடம் அலைந்து கிடைத்த ஒரு சரி. அது கிடைத்துக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. தங்கப்பழம் கோமதியைப் பார்த்தான். கோமதி பாத்திர அறையைப் பார்த்தாள். வகுப்பில் பையன்களிடம் கேட்பதுபோல நிதானமாகக் கேட்டாள்.

"மாமா, அவங்க எறந்ததை நீங்க பாத்திங்களா?"

"இல்லை தாயி."

"வேற யாராவது?"

ஊர் ஒருவரை ஒருவர் விசாரித்தது. யாரும் இல்லை.

"யாருமே பாக்கலைன்னா?"

 பேச்சிமுத்து துள்ளிக்கொண்டு கூவினான். "செத்தும் இருப்பாரு, பொழைச்சும் இருப்பாரு!"

ஆவுடையப்பன் அவனைக் கட்டிக்கொண்டார். பிறகு தாடையைத் தடவியபடி நெடுநேரம் யோசித்து, இது பாதித் துட்டிதான், பாதித் துட்டிக்குக் கல்யாணத்தை நிறுத்த வேண்டியதில்லை, தவிலை ஒரு பக்கம் மட்டும் அடித்தால் போதும் என்று தீர்ப்புச் சொன்னார். ராமசுப்பு ஆட்டோவிலிருந்து இறங்கினார். இறங்கியிருக்கக் கூடாது என்று பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஆவணியில் கல்யாணம். தவில்காரர் ஒரு கையை இடுப்பில் சொருகிக்கொண்டு வாசித்தார். தங்கப்பழம் கண்ணை நன்றாகத் திறந்துவைத்துக்கொண்டு, சரியான கழுத்தில் தாலி கட்டினான்.

பந்தியில் சொரிமுத்துவுக்குப் பக்கத்தில், மற்ற சொரிமுத்துவுக்கும் ஒரு இலை போட்டு, சோறு, சொதி, அவியல், பாயசம் எல்லாம் வைத்தார்கள். பார்த்தால் வரமாட்டார் என்று மண்டபமே முகத்தைத் திருப்பிக்கொண்டது. பத்து நிமிஷம் கழித்துத் திரும்பினால் இலை துடைத்து வைத்ததுபோல இருந்தது. ஒரு பருக்கை இல்லை.

"வந்துட்டுப் போயிருக்காரு!" என்று ஆவுடையப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். ஊரே குலவை போட்டது. கோமதி வாயைத் திறக்கவில்லை. அவள் புதுப்பெண்.

சொரிமுத்து மட்டும் இரண்டு ஆள் மூச்சை ஒரே ஆளாக வாங்கிக்கொண்டு, முழங்கையில் வழிந்த பாயசத்தைத் துடைத்தபடி, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன மச்சான், நல்ல நாளும் அதுவுமா?" என்றார் ஆவுடையப்பன்.

"பின்ன என்னவே? அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தவன், பக்கத்து எலையில உக்காந்து வயிறு முட்டத் தின்னுட்டு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கிடாமப் போயிட்டானே!"